நடுவில் ஆடுகிறவன்

அக்காவிடமிருந்து போன் வந்தால் எனக்கு இரண்டு விஷயங்கள் உடனே புரிந்துவிடும். ஒன்று, வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இரண்டு, ஏதோ ஒரு காரியத்துக்கு என்னைக் கெட்டவனாக்கப் போகிறார்கள்.

சௌக்கியமாக இல்லாவிட்டால் மச்சான்தான் பேசுவார். எங்கள் குடும்ப ஏற்பாடு அப்படி.

2025 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அப்படி ஒரு போன். "தம்பி, ஞாயித்துக்கெழமை திருப்பூர் வந்துட்டுப் போ கண்ணு. என்ற பையன் பந்து வெளையாடப் போறேங்கறான். எங்கியோ வெளி ஸ்டேட்ல செலக்ட் ஆயிட்டானாம். உங்க மச்சான் பேசுனா சண்டையாகுது. நீ பேப்பர்ல எழுதறவன். பி.காம். வேற படிச்சிருக்கே. நாலு கணக்குப் போட்டுக் காமிச்சீன்னா கேட்டுக்குவான்."

ஆக, பதினேழு வயசுப் பையன் ஒருத்தனுடைய ஆசையை நான் கணக்குப் போட்டு ரத்து செய்ய வேண்டும். பி.காம். படித்ததற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு உபயோகம் வந்திருக்கிறது. கிளம்பிவிட்டேன்.

மச்சானைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பதினைந்து வேலம்பாளையத்தில் பதினாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறார். நூல் ஒரு இடத்தில் வாங்கி, நிட்டிங் ஒரு இடத்தில் ஓட்டி, சாயம் ஒரு இடத்தில் போட்டு, காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் முடிந்து, கட்டுக் கட்டாக இவரிடம் வரும். தைத்துக் கொடுப்பார். அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் வேறு இடம். கடைசியில் அந்த பனியன் ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரில் கண்ணாடி ஷோரூமில் தொங்கும்போது, கழுத்துப் பட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருக்கும். மச்சான் பெயர் எங்கேயும் இருக்காது. வருஷத்துக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்கிற ஊர் இது. அந்தக் கோடிகள் இப்படிப் பெயர் இல்லாத நூறு கைகள் மாறித்தான் போகின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

நான் போய் இறங்கியபோது ஊரே ஒரு மாதிரி இருந்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதியிலிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டிருந்தது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்தவர்கள் எல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளி போனஸை எப்படிக் கொடுப்பது என்பதுதான் டீக்கடைப் பேச்சு. மச்சான் வீட்டில் காபி வந்தது. கூடவே கேஸும் வந்தது.

"கேளு மாப்ள. போன வாரம் வரைக்கும் ரெண்டு கட்டு பீஸ் வந்துட்டிருந்துச்சு. இப்ப அதுவும் டல்லு. இந்த நேரத்துல இவன் பந்து வெளையாடறேங்கறான். கோல் அடிக்கறவனா இருந்தாக்கூடப் பரவால்ல. நடுவுல நிக்கறவனாமா."

பையன் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கே இருப்பான்? கிரவுண்டில்தான்.

கிரவுண்ட் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சைட் போட்டு விற்காமல் விட்ட காலி இடம். ஒரு பக்கம் வேலிக்காத்தான், ஒரு பக்கம் கொட்டிவைத்த ஜல்லி. அங்கே ஒரு முப்பது பேர். கேட்கிற பாஷையில் பாதி எனக்குப் புரியவில்லை. இந்தி, ஒடியா, இன்னும் ஏதேதோ. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் என்று வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற பையன்கள். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, ஏழாவது நாள் தூங்காமல் பந்து ஆடுகிறார்கள். அவர்கள் நடுவில் எங்கள் வீட்டுப் பையன், சிவந்த மண் ஒட்டிய முழங்காலோடு.

நான் ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்து பார்த்தேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆள் நான். கால்பந்தில் என் கண் பந்து பின்னாலேயே போகும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் அதைச் சரி செய்தார். ராஞ்சிப் பக்கம் ஒரு கிராமம். மச்சான் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். முப்பதைத் தொடுகிற வயசு. தமிழும் இந்தியும் கலந்து பேசினார். "அண்ணா, பந்து பாக்காதீங்க. தம்பி பாருங்க. பந்து இல்லாத நேரம் தம்பி என்ன பண்றான், அத பாருங்க."

பார்த்தேன். பந்து இல்லாத நேரத்தில் எங்கள் பையன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தலைக்குள் ஒரு வரைபடம் ஓடுகிறது போல. பின்னாலிருந்து பந்து வந்ததும் ஒரே தொடுதல். பந்து வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தவன் காலில் போய் உட்கார்ந்தது. அவன் கோல் போட்டான். எல்லோரும் கோல் போட்டவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். எங்கள் பையன் நடந்து தன் இடத்துக்குத் திரும்பினான்.

எனக்குச் சட்டென்று மச்சானின் பதினாலு மெஷின் ஞாபகம் வந்தது. நூலுக்கும் ஷோரூமுக்கும் நடுவில் இருக்கிறவர் அவர். காப்பவனுக்கும் கோல் போடுகிறவனுக்கும் நடுவில் இருக்கிறவன் இவன். மிட்ஃபீல்டர் என்பவனும் ஜாப் ஒர்க் பார்ட்டிதான்! ஒரு ஆட்டத்தில் பத்து, பதினோரு கிலோமீட்டர் ஓடுகிறான். தொண்ணூறு நிமிஷத்தில் அவன் காலில் பந்து இருப்பது சேர்த்துப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிஷம். பேப்பரில் வருவது கோல் போட்டவன் பெயர்.

"இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

டெய்லர் சிரித்தார். "நான்தான் அண்ணா. நானும் அதே பொசிஷன்." ஜெம்ஷெட்பூரில் ஒரு ட்ரையலுக்குப் போயிருக்கிறார், சின்ன வயசில். எடுக்கவில்லை. அடுத்த வருஷம் திருப்பூருக்கு ரயில் ஏறிவிட்டார். சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். "உங்க ஊரு ஆளு ஒருத்தன் எங்க ஊருக்கு ஆட வந்தான் அண்ணா. சூசை. மைக்கேல் சூசைராஜ். லெஃப்ட் சைடு. ஒரே சீசன். ஆனா என்ன ஆட்டம்!"

திருப்பூர் வேலிக்காத்தான் ஓரத்தில், ஒரு ராஞ்சிக்காரர் வாயிலிருந்து கன்னியாகுமரிப் பையன் பெயர். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெயரை எப்போதோ பேப்பரில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி, தூத்தூர் வட்டாரம் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்துக் கிராமங்கள். ஆண்கள் ஆழ்கடலுக்குப் போவார்கள். சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள். போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். கரையில் இருக்கும்போது கால்பந்து. அந்த மணலில் ஆடியவர்கள் சந்தோஷ் டிராஃபி வரைக்கும் போயிருக்கிறார்கள். அங்கே இரவிபுத்தன்துறையில், 1994-ல் பிறந்தவர் சூசைராஜ்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. அவருக்கு முந்தின தலைமுறையில் தமிழ்நாட்டில் நன்றாகக் கால்பந்து ஆடினால் என்ன கிடைக்கும்? வேலை கிடைக்கும். இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று ஆபீஸ் டீம்கள் இருந்தன. காலையில் பிராக்டிஸ், பகலில் கவுண்டர், கடைசியில் பென்ஷன். இந்தியன் பேங்க் அணி தேசிய லீக்கிலேயே ஆடியது. முழங்கால் போனாலும் சம்பளம் போகாது. அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்கிய காலம்.

அதற்கு மேல் பெரிதாக ஆட வேண்டும் என்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். ராமன் விஜயன் அப்படித்தான் போனார், கொச்சிக்கும் கொல்கத்தாவுக்கும். வெளிநாடு என்பதெல்லாம் விரல் விட்டு எண்ணுகிற கதை. 1936-ல் கொல்கத்தாவின் முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வெறுங்காலோடு ஆடினார். அறுபத்து மூன்று வருஷம் கழித்து, 1999-ல், பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பெரி அணிக்குப் போனார். 2010-ல் சுனில் சேத்ரி அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போனார். இன்னும் சில பேர். அவ்வளவுதான். ஆகவே ஒரு தமிழ்நாட்டு ஆட்டக்காரனுக்கு 'வெளிநாடு' என்பது கொல்கத்தாதான், கோவாதான், ஜெம்ஷெட்பூர்தான். பாஷை வேறு, சாப்பாடு வேறு, ஊருக்கு வர இரண்டு நாள் ரயில்.

சூசைராஜ் ஆட வந்தபோது காலம் மாறியிருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கில் நுழைந்திருந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் அவர்கள் சொந்த மைதானமாக ஆடியது எங்கே தெரியுமா? கோவை நேரு ஸ்டேடியத்தில். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே மைக்கேல் சூசைராஜ் என்று ஒரு பையன் இடது ஓரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஐ.பி.எல். ஏலத்தைப் பற்றி இதே மாதிரி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

2017-18 சீசன்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்த சீசன் 2017 நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்கியது. தேதியைக் கவனியுங்கள். நவம்பர் 30-ஆம் தேதிதான் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியது. தூத்தூர் வட்டாரத்திலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஊர் கரையில் நின்று கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்த அதே வாரங்களில், அந்த ஊர்ப் பையன் பச்சைப் புல்லில் ஓடிக்கொண்டிருந்தான். ஜனவரியில் சென்னை சிட்டி கொல்கத்தாவுக்கே போய் மோகன் பகானை 2-1 என்று தோற்கடித்தது. தோற்ற வேகத்தில் பகானின் கோச் சஞ்சய் சென் பதவியை விட்டார். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் போய்ப் பந்தலையே சாய்த்துவிட்டு வந்த மாதிரி.

அப்புறம் ஐ.எஸ்.எல். கூப்பிட்டது. 2018-ல் ஜெம்ஷெட்பூர் போனார். இங்கேதான் எங்கள் ராஞ்சி டெய்லர் கதைக்குள் வருகிறார். யோசித்துப் பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்து பையன்கள் ரயில் ஏறித் திருப்பூருக்குத் தைக்க வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பையன் ரயில் ஏறி ஜார்க்கண்டுக்குப் பந்து ஆடப் போகிறான். இரண்டு பேருமே பீஸ் ரேட்தான். உடம்பு ஓடுகிற வரைக்கும் காசு.

விதியின் விளையாட்டையும் பாருங்கள். அவர் விட்டுப் போன அடுத்த சீசனிலேயே சென்னை சிட்டி சாம்பியன்! 2019 மார்ச் 9, கோவையில் மினெர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். அவருக்குப் பின்னால் நின்று பந்து கொடுத்தவர்கள் நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் என்று இரண்டு ஸ்பெயின் மிட்ஃபீல்டர்கள். நம் பையன் வேலை தேடி வடக்கே போகிறான். ஸ்பெயின் பையன் வேலை தேடிக் கோயமுத்தூருக்கு வருகிறான். மிட்ஃபீல்டருக்கு ஊர் என்பது கான்ட்ராக்ட் தேதி இருக்கிற வரைக்கும்தான்.

அந்தச் சாம்பியன் அணிக்கு என்ன ஆயிற்று? 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆகா என்றார்கள். 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. கோப்பை ஜெயித்த இரண்டாவது வருஷத்தில் கடை அடைப்பு. திருப்பூரில் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சூசைராஜுக்கு வருவோம். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைக்கு இந்திய அணியில் இடம். அதே வருஷம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி அவரை எடுத்தது. 2020 மார்ச் 14, கோவாவில் ஃபைனல். எதிரணி யார்? நம்ம சென்னையின் எஃப்.சி. ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. சூசைராஜின் சகோதரர் ரெஜினும் அதே அணியில். ஒரு மீனவக் கிராமத்துச் சகோதரர்கள் இரண்டு பேர் இந்தியாவின் பெரிய லீக்கை ஜெயித்த அணியில்! ஆனால் கைதட்ட ஒரு ஆள் இல்லை. கொரோனாவால் ஸ்டேடியம் காலி. பத்து நாள் கழித்து ஊரடங்கு. திருப்பூரில் மெஷின்கள் நின்றன. மே மாதம் சிறப்பு ரயில்களில் வடமாநிலத் தொழிலாளிகள் ஊர் திரும்பினார்கள். ராஞ்சி டெய்லரும் அதில் ஒருத்தர்.

அடுத்த சீசன். ஏ.டி.கே., மோகன் பகானோடு சேர்ந்துவிட்டது. மூன்று வருஷம் முன்னால் யாரைப் போய்த் தோற்கடித்தாரோ, அந்தக் கொடியின் கீழேயே இப்போது சூசைராஜ். 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸோடு முதல் ஆட்டம். சீசனின் முதல் ஆட்டமே அதுதான். முதல் கால் மணி நேரத்துக்குள் ஒரு மோதல். முழங்கால். தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பி ஆடவில்லை.

இருபத்தாறு வயசு. ஒரு ஆட்டக்காரனுக்கு அதுதான் பொன்னான வயசு. எட்டு மாசத்துக்கு முன்னால் சாம்பியன். இப்போது கட்டிலில்.

நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அக்கா கேட்ட கணக்கு கையிலேயே வந்து விழுந்துவிட்டது. இதை அப்படியே காலையில் பையனிடம் சொன்னால் போதும். மிச்சக் கணக்கையும் போட்டேன். ஐ.எஸ்.எல்.லில் 2024-25 சீசனில் 13 அணிகள். ஆடுகிற பதினோரு பேரில் 4 வெளிநாட்டுக்காரர்கள் இருக்கலாம். மிச்சம் ஏழு. ஏழை பதிமூன்றால் பெருக்கினால் 91. நூற்று நாற்பது கோடிப் பேருக்கு 91 நாற்காலி! அதில் நடுவில் ஆடுகிறவனுக்கு எத்தனை? இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை ஆடினால் பதினைந்து வருஷம், அதுவும் எல்லாம் சரியாக இருந்தால். மச்சானின் தையல் மெஷினுக்கு வருமான வரிக் கணக்கில் வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். முழங்காலுக்கு எந்தச் சட்டத்திலும் தேய்மானம் கிடையாது.

போதாததற்கு 2025 ஆகஸ்ட். லீக்கை நடத்துகிற ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஐ.எஸ்.எல்.லே தொங்கலில் நின்றது. பெங்களூரு எஃப்.சி. ஆட்டக்காரர்கள் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்தி வைத்தது. இது முதல் வாரம். கடைசி வாரத்தில் அமெரிக்க வரி.

இரண்டு தேதிகளையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அங்கேதான் என் பி.காம். மூளை மாட்டிக்கொண்டது. ஒரே மாசம். மகன் போக ஆசைப்படுகிற தொழிலும் நின்றது, அப்பா செய்கிற தொழிலும் நின்றது. எதைக் காட்டி எதை வேண்டாம் என்று சொல்வது?

காலையில் இட்லிக்கு உட்கார்ந்தோம். பையன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். 91 நாற்காலி, பதினைந்து வருஷம், சூசைராஜ், முழங்கால், எதையும் மறைக்கவில்லை. அக்கா முகத்தில் ஒரு நிம்மதி. மச்சான் சட்னியைத் தள்ளி வைத்துவிட்டுப் பையனைப் பார்த்தார்.

"கேட்டியா? மொழங்கால் போச்சுன்னா என்ன பண்ணுவே?"

பையன் பதில் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "மச்சான், 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடுனாங்களே. அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்த பாவத்துக்கு வந்த தீர்ப்பு. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. ஆற்றுக்கு நியாயம்தான். ஆனால் சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. அப்போது மச்சானிடம் ஆறு மெஷின். பையனுக்கு மூன்று வயசு.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்காதான் சொன்னாள். "என்ற வளையலு ரெண்டையும் அடகு வெச்சோம். இவரு மூணு மாசம் இன்னொருத்தரு கம்பெனியில செக்கிங்குக்குப் போனாரு."

"வேற வேலைக்குப் போயிரலாம்னு தோணலையா?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சது இதுதானே மாப்ள," என்றார் மச்சான். சொல்லி முடித்ததும் அவரே பையனை ஒரு தரம் பார்த்தார்.

நான் எதையும் சாதித்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தக் காலையில் ஒன்றும் முடிவாகவில்லை. அக்கா என்னை வாசல் வரை வந்து திட்டினாள். "உன்னை எதுக்குக் கூப்பிட்டேன், நீ என்ன பண்ணிட்டுப் போறே?" நியாயமான கேள்வி. நான் ஒரு கணக்கும் தப்பாகப் போடவில்லை அக்கா, விடைதான் நீ எதிர்பார்த்த மாதிரி வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அக்காவிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இன்னொரு விஷயமும் அன்றைக்கு ராத்திரி படித்ததில் இருந்தது. அதையும் பையனிடம் சொல்லியிருந்தேன். சூசைராஜ் கதை கட்டிலில் முடிந்துவிடவில்லை. அவர் மறுபடியும் நடந்தார், ஓடினார். 2022-ல் ஒடிசா எஃப்.சி.யில் சேர்ந்தார். முன்னால் ஜார்க்கண்ட், இப்போது ஒடிசா. திருப்பூருக்கு ஆள் அனுப்புகிற ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருத்தர் எதிர்த் திசையில் போய் வேலை பார்த்திருக்கிறார். பழைய வேகம் இருந்ததா, பழைய பெயர் வந்ததா என்பது வேறு விஷயம். மறுபடியும் பூட்ஸைக் கட்டினார் இல்லையா, பதினேழு வயசுக்கு அது தெரிய வேண்டும். முழங்கால் போகும் என்பது தெரிந்தால் மட்டும் போதாது.

அந்த வாரம் வீட்டுக்குள் என்னென்ன பேச்சு நடந்ததோ தெரியாது. முடிவை அக்காதான் எடுத்தாள். பிளஸ் டூ முடிக்க வேண்டும். அப்புறம் தபாலிலாவது பி.காம். படிக்க வேண்டும். (மாமனைப் பார்த்தும் அந்தப் படிப்பின் மேல் அவளுக்கு நம்பிக்கை போகவில்லை!) மூன்று வருஷம் பார்ப்பது. அதற்குள் ஒரு அணியும் எடுக்காவிட்டால், சத்தம் போடாமல் வந்து மெஷினில் உட்கார வேண்டும். பையன் தலையாட்டினான். பரீட்சையை எழுதிக்கொள்ளலாம் என்று அகாடமியும் சொல்லிவிட்டதாம். பொங்கல் முடிந்து கிளம்பினான். ரயிலேற்றிவிட மச்சான் போகவில்லை, வேலை இருக்கிறது என்றார். ராஞ்சி டெய்லர் போனார். எந்த ஸ்டேஷனில் சாப்பாடு நன்றாக இருக்கும், எங்கே பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பாதை முழுக்க எழுதிக் கொடுத்தாராம். அந்தப் பாதையில் வந்தவர் ஆயிற்றே.

போன வாரம் அக்கா போன்.

"தம்பி, நேத்து ஏதோ மேட்சாமா. ஜெயிச்சுட்டாங்களாம்."

"கோல் போட்டானா?"

"அதெல்லாம் இல்லியாமா. இவன் சும்மா நடுவுலதான் இருந்தானாம்."

பின்னாலிருந்து மச்சான் குரல் கேட்டது. மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, போன் வரைக்கும் எட்ட வேண்டும் என்று கத்துகிற குரல்.

"அந்தக் கோலு போட்டவனுக்குப் பந்தைக் குடுத்ததே இவன்தானாம். அதச் சொல்லு முதல்ல!"